தங்கத்துக்கு ருசி கிடையாது

மார்ச் 3

டேய் புட்டி,

இந்தக் கவரை மெதுவாகப் பிரி. உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. படிக்கிற புத்தகம் இல்லை. மெல்லிய தாள்களுக்கு நடுவே தங்க இதழ் வைத்துத் தைத்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும். மூச்சையும் வாயையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு பிரி. அன்றைக்கும் அப்படி அடக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை வந்திருக்காது.

உன் மகள் பட்டம் வாங்கியதற்கு நான் செய்துகொண்டு வந்த கேக்கின் மேலிருந்த தங்கம் இதே புத்தகத்திலிருந்து எடுத்ததுதான். மீதி இவ்வளவு. உன் பரிசோதனைக் கூடத்தில் உரைத்துப் பார், உருக்கிப் பார், என்ன வேண்டுமானாலும் செய். பிறகு எனக்குப் பதில் எழுது.

நீ செய்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. இரண்டு ரயில் மாறி, கேக் பெட்டியை மடியில் வைத்து, பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கை படாமல் குழந்தையைப் போலக் காத்துக் கொண்டு வந்தேன். உன் வீட்டு மேசையில் வைத்து, கடைசி இதழைக் கடைசி நிமிஷத்தில் ஒட்டினேன். நீ கத்தியை வாங்கினாய். வெட்டப் போகிறாய் என்று எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். நீ சுரண்டினாய். மேலே இருந்ததை முழுக்கச் சுரண்டிக் குப்பையில் கொட்டிவிட்டு, "இது பித்தளையா இருக்கும், யாரும் சாப்பிடாதீங்க, சின்னப் பசங்க இருக்காங்க" என்றாய். அத்தனை பேர் முன்னால். கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து, விஷம் வைக்க வந்தவளைச் சொல்வது போல.

கேக் சொட்டைத் தலையோடு நின்றது. நானும் நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீ போன் செய்துகொண்டே இருப்பது தெரியும். எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. தவிர, உன் அத்தான் ரிட்டயர் ஆன தபால்காரர். ஊரார் கடிதத்தை ஆயுள் முழுக்கச் சுமந்தவருக்கு வீட்டுக்கும் ஒரு கடிதம் வரட்டும் என்று ஆசை.

என் கடையில் பித்தளை கிடையாது. எழுதிக் கொடு.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

நலம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

புத்தகத்தை மூச்சை அடக்கித்தான் பிரித்தேன். அப்படியும் ஒரு இதழ் பறந்து என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பாய்.

ஒரு இதழில் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். பித்தளையாக இருந்தால் பொங்கிப் பச்சையாகும். இது சும்மா கிடந்தது. பிறகு இயந்திரத்திலும் வைத்துப் பார்த்தேன். சுத்தத் தங்கம் அக்கா. செம்பு இல்லை, துத்தநாகம் இல்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இது நான் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கிற சான்று.

சாக்கு சொல்லக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும். உன் கேக்குக்கு முந்தின வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கின் மிச்சம் எங்கள் கூடத்துக்கு வந்தது. அதைத் தின்ற குழந்தைகள் எல்லாம் வாந்தி. மேலே தூவிய தங்கப் பொடி முழுக்கச் செம்பு. டப்பாவில் 'நச்சற்றது' என்று அச்சடித்திருந்தது. நச்சற்றது வேறு, சாப்பிடத் தகுந்தது வேறு. பேனா மையில்கூட அந்த வார்த்தையைப் போடுவார்கள். அந்தக் குழந்தைகள் என் கண்ணுக்குள்ளேயே இருந்தார்கள். உன் கேக் பளபளவென்று வந்து நின்றதும் கை தானாகப் போய்விட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

சுத்தத் தங்கத்தைத் தின்றால் ஒன்றும் ஆகாது. நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. வந்த வழியே போய்விடும். ருசி கிடையாது, மணம் கிடையாது. ஆனாலும் மனிதர்களுக்கு அதன் மேல் ஒரு பைத்தியம். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் மாத்திரையைத் தங்கத் தாளில் சுற்றி விழுங்குவார்களாம். தங்கம் கரையாதல்லவா? உள்ளே இருக்கும் மருந்தும் கரையாமல், முழு மாத்திரையாகவே மறுநாள் வெளியே வந்துவிடும். இளமை போகக் கூடாதென்று தினமும் தங்கத்தை அமிலத்தில் கரைத்த நீரைக் குடித்த ஒரு அரண்மனைப் பெண்ணின் கல்லறையைப் பல நூறு வருஷம் கழித்துத் தோண்டினார்கள். அவள் தலைமுடியிலேயே தங்கம் இருந்ததாம்.

இதையெல்லாம் எழுதும்போது அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறாள். அம்மாவின் மூட்டுவாதத்துக்குப் போட்ட தங்க ஊசி தாளும் இல்லை, இதழும் இல்லை. தங்கத்தை உப்பாக்கி ரத்தத்தில் கலக்கிற மருந்து. அதன் கதை வேடிக்கை. காசநோய்க் கிருமியைத் தங்க உப்பு கண்ணாடிக் குழாயில் அடக்கியதை ஒருவர் பார்த்தார். நோயாளிக்குப் போட்டால் கேட்கவில்லை. மூட்டுவாதமும் அந்தக் கிருமி வகையால்தான் வருகிறது என்று இன்னொருவர் தப்பாக நினைத்து, அதற்குப் போட்டுப் பார்த்தார். அவர் நினைத்தது தப்பு, மருந்து மட்டும் வேலை செய்தது. அந்தத் தப்பின் புண்ணியத்தில்தான் அம்மாவின் விரல் நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? அம்மா ஆபீஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவாள். நான் துணிப்பையில் புட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து போவேன். ஊசிக்கு முன்னால் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பார்கள். கலங்கினால் சிறுநீரகத்தை மருந்து தாக்குகிறது என்று அர்த்தம், ஊசி கிடையாது. தெருவே என்னைப் புட்டி என்று கூப்பிட்டது அதனால்தான். அதைத் தொடங்கி வைத்தவள் நீ. தங்கம் உள்ளே போனால் வெளியேயும் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு நாள் புட்டியில் பாதியைத் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் காயவைத்தேனே, அது என் வாழ்க்கையின் முதல் பரிசோதனை. அம்மா அறைந்த அறையில் காது அடைத்துப் போனது அதன் முடிவு.

அந்த நர்ஸம்மா ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி கேட்பார்: "உடம்புல தடிப்பு இருக்கா? வாய்ல புண்ணு இருக்கா? வாய் இரும்பு மாதிரி இருக்கா?" அம்மாவும் ஒரே மாதிரி சொல்வாள்: "ஒண்ணும் இல்லைம்மா, நல்லா இருக்கேன்." எனக்கு அது பாட்டு மாதிரி மனப்பாடம்.

மன்னித்துவிடு. போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி

பின்குறிப்பு: கவர் மேலிருந்த விலாசத்தை அத்தானா எழுதினார்? உன் எழுத்து இல்லையே.


ஏப்ரல் 2

டேய் புட்டி,

இந்தக் கடிதத்தை எழுதுவது அத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். கை முழுக்க மாவு, அதனால். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். (செய்திருக்கிறேன்.)

உன் சான்றைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டேன். 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்ற வரி தெரியும்படி மடித்து. வருகிறவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். அதனால் கோபம் பாதி போய்விட்டது. மீதி பாதியை வைத்திருக்கிறேன், நீ நேரில் வந்தால் தருகிறேன்.

நீ வெள்ளிக்கிழமையை எழுதினாய். எனக்கு அதற்குப் பிந்தின நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஊசி போட ஆரம்பித்து மூன்று, நான்கு மாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் அம்மா என் தலையைப் பின்னினாள். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரிதான் பின்னுவாள், இழுத்து இழுத்துக் கண்ணில் தண்ணீர் வரும்படி. அன்றைக்கு அம்மாவின் விரல் என் கழுத்தில் பட்டதும் நான் திரும்பவே இல்லை. திரும்பினால் கனவு கலைந்துவிடும் என்று பயம்.

அப்புறம் டைப்ரைட்டர். அப்பா போனபின் அதுதானே நமக்குச் சோறு போட்டது? விரல் மடங்கிப்போய் ஆபீஸில் அவளை ஃபைல் தூக்க வைத்திருந்தார்கள், அடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. விரல் நிமிர்ந்ததும் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கும் வேலை கொண்டு வருவாள். நாம் பாடம் படிக்க, அவள் சாப்பாட்டு மேசையில் தட்டிக்கொண்டிருப்பாள். வரி முடிந்ததும் ஒரு மணி அடிக்குமே, அந்தச் சத்தத்தில் நான் எத்தனை நாள் புத்தகத்தின் மேல் தூங்கியிருக்கிறேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கப்புறம் எனக்கு வரவே இல்லை.

முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நீலமாகப் போனது. தங்கம் ஏறினால் மஞ்சளாகத்தானே ஆகவேண்டும் என்று நீ டாக்டரிடமே போய்க் கேட்டாய்.

இன்னொன்று. அந்த வருஷங்களில்தான் அம்மா என்னைச் சமையலறைக்குள் சேர்த்துக்கொண்டாள். அடுப்பில் சூப் கொதிக்கும். கரண்டியில் எடுத்து ஊதி என் வாய்க்கு நேரே நீட்டுவாள். "ருசி பாத்து சொல்லு, உன் நாக்குதான் சரியான நாக்கு" என்பாள். அவள் ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை. உப்பு போதுமா, புளிப்பு போதுமா, எல்லாம் நான் சொல்வதுதான் சட்டம். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பதவி! நான் கேக் கடை வைத்ததே அந்தக் கரண்டியால்தான் என்று கேட்பவரிடம் எல்லாம் சொல்வேன்.

இப்போது நானும் அம்மா மாதிரி ஆகிவிட்டேன். கிரீமை ருசி பார்க்க அத்தானைத்தான் கூப்பிடுகிறேன். அவருக்கு எல்லாமே நல்லா இருக்கும். சுவர் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை நீட்டினாலும் நல்லா இருக்கு என்பார். (கிரீம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.)

ஒரு சந்தேகம். கடைக்கு வருகிற ஒரு அம்மாவுக்கு விரல் வலி. ஒருவர் அவளுக்குத் தங்க பஸ்பம் கொடுத்திருக்கிறாராம், சின்னக் குப்பியில், தேனில் குழைத்துச் சாப்பிட. நீதான் தங்கத்தைத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறாயே. அப்படியானால் அவள் தைரியமாகச் சாப்பிடலாம்தானே? சும்மா கேட்டேன். அவளிடம் சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன், வீட்டில் படித்தேன், பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கடைக்கு வருகிற அந்த அம்மாவுக்குப் பதில் எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அம்மா ஏன் சூப்பை ஒரு சொட்டுக்கூட வாயில் விடவில்லை? உன் நாக்கு சரியான நாக்கு என்பதால் என்று நீ இத்தனை வருஷம் நம்பினாய். இருக்கலாம். ஆனால் தங்க ஊசி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்போது முதலில் சொல்வது வாய்தான். எதைத் தின்றாலும் சாவியை நக்கியது போல இருக்கும். நர்ஸம்மா மூன்றாவது கேள்வியை அதற்காகத்தான் கேட்டார். இருக்கிறது என்று சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் விரல் மடங்கும். விரல் மடங்கினால் டைப்ரைட்டர் போகும். அதனால் அம்மா அங்கே "ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உன்னிடம் கரண்டியை நீட்டினாள்.

பாட்டு மாதிரி மனப்பாடம் என்று நான் எழுதினேன். மனப்பாடம் செய்தவன் அர்த்தம் புரிந்துகொள்ளவில்லை. உன் கடிதம் வந்தபிறகுதான் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

இனி உன் விஷயம். உன் கவரில் அத்தானின் எழுத்து. கடிதத்திலும் அத்தானின் எழுத்து. கை முழுக்க மாவு என்கிறாய். என் தேர்வு முடிவு வந்தபோது, அடுப்பில் பால் பொங்கும்போதே, ஒரு கையில் மாவும் ஒரு கையில் பேனாவுமாக எனக்கு எழுதியவள் நீ. கிரீமை மற்றவர் நாக்கில் வைத்துப் பார்ப்பவளும் நீ இல்லை. உன் வாய் எப்படி இருக்கிறது அக்கா? விரல் எத்தனை நாளாக வலிக்கிறது? குப்பி உன்னிடம்தான் இருக்கிறது, இல்லையா?

நான் எழுதியது சுத்தத் தங்கத்தைப் பற்றி. அதற்கு ருசி கிடையாது. குப்பியில் இருப்பது வெறும் தங்கமாக இருந்தால் உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வாய் இரும்பாகிறது என்றால் அதில் வேறு என்னவோ இருக்கிறது. இப்படி வரும் பொடிகளில் ஈயத்தையும் பாதரசத்தையும் எங்கள் கூடத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாப் பொடியும் அப்படி என்று சொல்லவில்லை. உன் குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடாதே என்கிறேன்.

நிறுத்து. தூக்கிப் போடாதே, எனக்கு அனுப்பு. டாக்டரிடம் போ. இன்றைக்கு மூட்டுவாதத்துக்கு நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. தங்க ஊசியே அதனால்தான் வழக்கொழிந்து போனது.

அத்தானிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. நீயே சொல்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள்.

உனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. கேக்கைக் கண்டால் சுரண்டுவாய். கடிதத்தைக் கண்டால் சுரண்டுவாய். இப்போது அம்மாவையும் சுரண்டிவிட்டாய்.

எனக்கென்று அம்மாவிடம் இருந்தது அந்த ஒரு கரண்டிதான். உனக்குப் புட்டி இருந்தது, வெள்ளிக்கிழமை இருந்தது, அவளோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து திரும்பும்போது வாங்கித் தின்ற பிஸ்கட் இருந்தது. எனக்குச் சமையலறை இருந்தது. அவள் என்னை நம்பினாள் என்று இருந்தேன். அவள் பொய்க்கு நான் துணை என்று நீ எழுதிவிட்டாய். கேட்டேனா உன்னை?

ஆமாம், குப்பி என்னுடையது. போன மழைக்காலத்திலிருந்து வலி. காலையில் எழுந்தால் விரலை மடக்கி நிமிர்த்தவே அரை மணி நேரம். கிரீம் பையைப் பிழிந்து ரோஜா வைக்க முடியவில்லை. கேக்கின் மேல் தங்க இதழ் வைக்க ஆரம்பித்ததே அதனால்தான். பிரஷ்ஷால் தொட்டு ஒட்டினால் போதும், பிழிய வேண்டாம். ஆடம்பரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ பித்தளை என்று நினைத்தாய்.

டாக்டரிடம் போனால் அம்மாவுக்கு வந்ததுதான் உனக்கும் என்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அம்மாவுக்குக் கையைக் கொடுத்தது தங்கம். எனக்கும் கொடுக்கும் என்று நினைத்தேன். கை போனால் நான் யார்? கல்லாவில் உட்கார்ந்து மீதிச் சில்லறை கொடுக்கவா இந்தக் கடையை வைத்தேன்?

உன் வேலையைப் பார்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

இதனுடன் ஒரு பார்சல் வரும். அதில் இரண்டு காலிப் புட்டிகள் இருக்கின்றன. துணிப்பையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. என்னை அவள் அறைந்தது அத்தனையும் ஊசி போட்ட அந்த மூன்று வருஷத்தில்தான். அதற்கு முன்னால் கை தூக்க முடியாது, அதற்குப் பின்னாலும் முடியாது. காது அடைத்த அந்த அறையை நான் ஆசையாக நினைத்துக்கொள்கிறேன் என்றால் நீ சிரிப்பாய். அவள் எடுத்த முடிவு நம் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. ஆனால் அவளுக்கு நர்ஸம்மா இருந்தார். வாய் பொய் சொன்னாலும் புட்டி பொய் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கில் காய்ச்சியதும் பால் மாதிரி கலங்கிப்போனது, நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கே ஊசியை நிறுத்தினார்கள். கால் வீங்கிப் படுத்தாள், ஆனால் எழுந்துவிட்டாள். கை மடங்கியும் எத்தனை வருஷம் நம்மோடு இருந்தாள்!

உன்னிடம் கேட்க யாரும் இல்லை. குப்பியைக் கொடுத்தவர் கேட்டாரா? அத்தானுக்கு விஷயமே தெரியாது. அதனால் நான் கேட்கிறேன். ஒரே மாதிரிதான் கேட்பேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன், பதில் வருகிற வரைக்கும்.

உடம்புல தடிப்பு இருக்கா?

வாய்ல புண்ணு இருக்கா?

வாய் இரும்பு மாதிரி இருக்கா?

ஒரு புட்டி அந்தப் பொடிக்கு. எனக்கு அனுப்பு. இன்னொன்று எதற்கு என்று உனக்குத் தெரியும். அதை எனக்கு அனுப்பாதே, டாக்டரிடம் கொண்டு போ. நீ பெண்பிள்ளை, தெருவில் தூக்கிக்கொண்டு போக வெட்கமாக இருந்தால் சொல். வந்து நானே தூக்குகிறேன். எனக்குப் பழக்கம்தான்.

புட்டி


மே 9

டேய்,

இரண்டு வெள்ளிக்கிழமையும் உன் கார்டு வந்தது. கார்டைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தவர் அத்தான். இரண்டாவது கார்டைப் படித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா?" என்றார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, உன் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஆயுள் முழுக்க அப்படித்தான் நின்றிருப்பார் போல, பையும் தோளுமாக.

உன் கேள்விக்குப் பதில்.

இல்லை.

இல்லை.

இருக்கிறது. நாலு மாசமாக இருக்கிறது. தேநீர் குடித்தால்கூட குழாய்த் தண்ணீர்த் துரு மாதிரி இருக்கிறது. இதை முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

பொடி இத்துடன் வருகிறது. கொடுத்தவரின் விலாசம் குப்பியிலேயே ஒட்டியிருக்கிறது.

அக்கா


மே 21

அக்கா,

பயப்படாமல் படி. இந்தத் தாளை டாக்டரிடமும் காட்டு.

குப்பியில் தங்கம் இருக்கிறது, பேருக்கு. ஈயம் நிறைய இருக்கிறது. பாதரசமும் இருக்கிறது. இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை கூடத்தில் வேறொருவரைப் பார்க்கச் சொன்னேன், உன் விஷயத்தில் என் கை ஒரு தடவை அவசரப்பட்டதால். மூன்றும் ஒன்றுதான் சொல்கின்றன. கொடுத்தவரைப் பற்றி உங்கள் ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இன்று எழுதிவிட்டேன். இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்தாரோ.

ரத்தத்தில் ஈயத்தைப் பார்க்கச் சொல். நிறுத்திவிட்டாய் அல்லவா, அதுவே பெரிய விஷயம். வாயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும்.

போனை எடேன் அக்கா.

தம்பி


செப்டம்பர் 14

டேய் புட்டி,

தினம் போனில் பேசினாலும் இதை எழுதத்தான் வேண்டும். இது என் எழுத்துதான், நன்றாகப் பார்த்துக்கொள். இன்னும் கொஞ்சம் கோணல், ஆனால் என்னுடையது.

நோய் அம்மாவுடையதுதான். டாக்டர் சொன்னபோது நான் நினைத்த அளவுக்கு இடி விழவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, அவ்வப்போது ரத்தம். ஈயம் இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டாவது புட்டியில் ஒன்றும் கலங்கவில்லை. இப்போதெல்லாம் அதைக் காய்ச்சுவதே இல்லை, காகிதத் துண்டை நனைத்துப் பார்க்கிறார்கள். உன் வேலைக்கு மவுசு போய்விட்டது.

போன வாரம் ஒரு ரோஜா பிழிந்தேன். ஒன்றுதான். முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. அத்தான் நல்லா இருக்கு என்றார்.

நேற்றுக் காலையில் கிரீம் அடித்துவிட்டு, பழக்கத்தில் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஏனோ விரலால் தொட்டு நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். ருசி தெரிந்தது! வெண்ணெய் தெரிந்தது, பால் தெரிந்தது, எல்லாவற்றுக்கும் மேலே சர்க்கரை முகத்தில் அறைந்தது. தாங்க முடியாத இனிப்பு. மாசக்கணக்கில் அதைத்தான் ஊருக்கு விற்றிருக்கிறேன். அத்தான் ஓடி வந்தார். அவரைப் பார்த்து, "இவ்வளவு இனிப்பா? இத்தனை நாளா இப்படியா போட்டுட்டு இருந்தேன்?" என்று கத்தினேன்.

கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் இந்த வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன்.

உனக்கு இது தெரியாது, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்தேன். ஊசி நின்றுபோய், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கை திரும்ப மடங்கிவிட்டது, கரண்டி பிடிக்க முடியாது. சூப்பை நான்தான் ஊதி ஊட்டினேன். ஒரு மத்தியானம் முதல் வாய் வாங்கியதும் கண்ணை அகல விரித்தாள். "அடியே, இவ்வளவு உப்பா? இத்தனை நாளா இப்படியா போட்டுட்டு இருந்தே?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரியான நாக்கு என்று சொன்னவள் ஒரு வாயில் என் பதவியைப் பறித்துவிட்டாளே என்று. இத்தனை வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை, மறந்தும்விட்டேன்.

ஆனால் அவள் அன்றைக்குத் திட்டவில்லை புட்டி. சிரித்தாள். இப்போதுதான் அந்த முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வருகிறது. ருசி திரும்பி வந்த முகம். கை போய்விட்டது, டைப்ரைட்டர் போய்விட்டது, அப்படியும் அந்த மடங்கிய கையால் என் மணிக்கட்டைக் கிண்ணத்தின் பக்கம் தள்ளி, "இன்னொரு வாய் குடு" என்றாள். கிண்ணம் முழுக்கக் குடித்தாள், உப்பு உப்பு என்று திட்டிக்கொண்டே.

நீ அம்மாவைச் சுரண்டிவிட்டாய் என்று எழுதினேன். சுரண்டினால் அடியில் இதுதான் இருந்தது. என் நாக்கை நம்பித்தான் அவள் அத்தனை நாள் சமைத்தாள். அவளுக்கு வேறு நாக்கு இல்லை.

வருகிற மாசம் உன் மகள் வேலையில் சேருகிறாள் என்றாய். கேக் நான்தான் கொண்டு வருவேன், இரண்டு ரயில் மாறி. சர்க்கரை சரியாக இருக்கும், நானே பார்த்துவிட்டேன். முட்டைக்கோஸ் ஒன்று இருக்கும். அதன் மேல் தங்கமும் இருக்கும்.

கத்தியை உன் கையில் தரமாட்டேன்.

அக்கா